ஏற்காட்டுப் பள்ளியும் ஏரியூர்ப் பிள்ளைகளும்

ஏரியூரிலிருந்து ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனபோது மான்ட்ஃபோர்ட் பள்ளியை வாசலில் நின்றுதான் பார்த்தோம். 1917இல் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் தொடங்கிய உறைவிடப் பள்ளி. அந்தப் படிப்பின் மீது எங்களுக்கு ஆசை உண்டு, மறைப்பானேன்? கட்டணம்தான் எங்கள் வீடுகளுக்கு எட்டாது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கியது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறுபான்மை உரிமையை நாம் எதிர்க்கவில்லை, தோழர்களே. ஆனால் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையில் பெரும்பான்மையினர் தலித்துகள்தானே? அந்த உரிமை முதலில் யாருக்குப் பயன்பட வேண்டும்?

சட்டம் கட்டாயப்படுத்தாததைத் திருச்சபை தானாகவே செய்யலாம். தனியார் பள்ளிகளில் எத்தனை தலித் பிள்ளைகளைச் சேர்த்தார்கள் என்று மறைமாவட்டங்கள் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடட்டும். அதைக் கேட்டுத்தான் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.