கரை தெரிகிறது... படகு வரட்டும்!

காலையில் கப்பலின் மேல்தளத்துக்கு வந்தால், எதிரே சுவர் போல நிமிர்ந்து நிற்கும் பாறை. உச்சியில் வரிசையாக வெள்ளை வீடுகள். தூரத்திலிருந்து பார்த்தால் மலைமேல் பனி படிந்த மாதிரி இருக்கும். கிரேக்க நாட்டின் சான்டோரினி தீவு இது. கரை இதோ, கூப்பிடு தூரத்தில். ஆனால், சொகுசுக் கப்பல் அங்கே போய் நிற்க முடியாது.

கப்பல் மிதப்பதே ஓர் எரிமலையின் வாய்க்குள்தான்! சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருவெடிப்பில் நிலம் சரிந்து, கடல் உள்ளே புகுந்தது. சில இடங்களில் ஆழம் 300 மீட்டருக்கும் மேல். நங்கூரம் எங்கே எட்டும்? பெரிய கப்பல்கள் பலவும் எஞ்சினை ஓடவிட்டபடியே நிற்கின்றன. உள்ளூர்ப் படகுகள் வந்து பயணிகளை ஏற்றிக்கொள்கின்றன.

கப்பலின் அடித்தளத்தில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒரு கதவு திறக்கும். படகு அலையில் ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் ஊழியர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டும் சமமாகும் நொடியில் அவர்கள் சொன்னதும் காலை வைத்துவிட வேண்டும். கையில் செல்போன், கூல்டிரிங்க்ஸ் எதுவும் கூடாது. தோளில் பை போதும். முழங்கால் வலி உள்ள தாத்தா, பாட்டிகளுக்கு இந்த ஒரு அடிதான் சோதனை. காற்று பலமாக அடித்தால் யாருக்கும் கரை கிடையாது. கேப்டன் சொன்னதே முடிவு.

இறங்கும் இடம், பழைய துறைமுகம். ஃபிரா ஊர் இருப்பதோ 200 மீட்டருக்கும் மேலே. கேபிள் காரில் சில நிமிடங்கள். இல்லாவிட்டால் 600-க்குச் சற்றே குறைவான படிகள்; அதே படிகளில் கழுதைச் சவாரியும் உண்டு. பாவம் கழுதைகள்! 100 கிலோவுக்கு மேல் அவற்றின் மீது ஏற்றக் கூடாது என்று 2018-ல் கிரேக்க அரசு விதி போட வேண்டியிருந்தது. படிகளில் சாணம் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் நடப்பது வீண் வம்பு.

உண்மையான சிக்கல் திரும்பும்போதுதான். ஒரே நாளில் நாலைந்து கப்பல்கள் வந்தால், மாலையில் கேபிள் கார் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது சகஜம். கூட்டம் தாங்காமல், கப்பல் பயணிகளுக்கு ஒரு நாளைக்கு 8,000 பேர் என்று 2025 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கப்பல் நிறுவனமே அழைத்துப் போகும் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் கடைசிப் படகைத் தவறவிட்டால், அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போக வேண்டும். பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே விட்டு வந்திருந்தால் இன்னும் கஷ்டம்.

2007 ஏப்ரலில் 'சீ டயமண்ட்' என்ற சொகுசுக் கப்பல் இங்கே பாறையில் மோதி, மறுநாள் மூழ்கியது. இரண்டு பேர் காணாமல் போனார்கள். ஏறக்குறைய 1,600 பேர் பிழைத்தார்கள். அந்த மீட்புப் பணியில் இந்தச் சின்னப் படகுகளும் இருந்தன. கப்பல் இன்னமும் அடியில் கிடக்கிறது. துறைமுகத்திலிருந்து கிளம்பும் படகில் எல்லோருடைய செல்போனும் மேலே, வெள்ளை வீடுகளைத்தான் படமெடுத்துக்கொண்டிருக்கும்.