முட்கம்பிக்கு அப்பால்

மக்களாட்சியிலே ஒரு பிரதிநிதி யாருக்காகப் பேசுகிறார் என்னும் வினா மிகப் பழையது. தம்மைத் தெரிந்தனுப்பிய மண்ணின் குரலாக மாத்திரம் அவர் ஒலிக்க வேண்டுமா? அன்றி, அம்மண்ணிற் காலூன்றி நின்றவாறே அதற்கு அப்பாலும் நோக்க வேண்டுமா? இதற்கு அரசியல் நூல்கள் பல விடைகள் கூறும். எனினும் ஒரு மனிதரின் வாழ்வை எடுத்து நோக்குவது அவ்விடைகளிலும் தெளிவு தருவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தை 1979 முதல் 1997 வரை செனற் சபையிற் பிரதிநிதித்துவஞ் செய்த அலன் சிம்ஸனின் வாழ்வு அத்தகையது.

வயோமிங், மலைகளும் புல்வெளிகளும் நிறைந்த மேற்கு மாநிலம். கால்நடைப் பண்ணைகளும் நிலக்கரி, எண்ணெய் என்பனவுமே அதன் வாழ்வாதாரங்கள். 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய நாலரை இலட்சம் பேரே. அதே ஆண்டிற் கலிபோர்ணியாவின் மக்கட்டொகை மூன்று கோடியை அண்மியிருந்தது. ஆயினும் செனற் சபையில் இரண்டுக்கும் இவ்விரண்டு ஆசனங்களே. மாநிலத்தின் நிலத்தில் ஏறத்தாழப் பாதி மத்திய அரசாங்கத்துக்கு உரியது. தன் முற்றத்துப் புல்லைப் பற்றித் தூரத்துத் தலைநகர் முடிவு செய்வதை அங்குள்ள பண்ணையாளன் விரும்புவதில்லை. அம்மாநிலத்துப் பழமைபேண் அரசியலின் ஒரு வேர் இங்கேதான் உள்ளது.

சிம்ஸன் 1931இற் பிறந்து கோடி என்னும் சிறுநகரில் வளர்ந்தவர். தந்தையார் மில்வாட் சிம்ஸன் அதே மாநிலத்தின் ஆளுநராகவும் செனற்றராகவும் விளங்கியவர். மகன் சட்டம் பயின்று, 1965 தொடக்கம் பன்னிரண்டு ஆண்டுகள் மாநிலச் சட்டசபையில் இருந்து, பின்னர் தலைநகர் சென்றார். 1985 முதற் பத்தாண்டுகள் செனற் சபையிலே குடியரசுக் கட்சியின் கொறடாவாகப் பணியாற்றினார். இவ்வளவில் இது மரபுவழி வந்த ஓர் அரசியல்வாதியின் வழமையான வரலாறே.

வழமைக்குப் புறம்பானது அவருடைய இளமையில் நிகழ்ந்தது. 1942இல், போர்க்கால அச்சத்தினால், யப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் மேற்குக் கரையோரத்திலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரசைகள். கோடி நகருக்கு அண்மையிலே ஹாட் மவுண்டன் முகாம் எழுந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு அடைக்கப்பட்டதால் அம்முகாமே மாநிலத்தின் மூன்றாவது பெரிய குடியிருப்பாயிற்று. முகாமுக்குள் இருந்த சாரணச் சிறுவர்களைச் சந்திக்க வெளியிலிருந்து சென்ற சாரணர்களுள் சிம்ஸனும் ஒருவர். ஒரே கூடாரத்தில் அவரோடு தங்கிய சிறுவன் கலிபோர்ணியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நோர்மன் மினேற்றா. பின்னாளிலே மினேற்றா சனநாயகக் கட்சியின் சார்பிற் காங்கிரசுக்குத் தெரிவானார். கட்சி பிரித்தபோதும் நட்புப் பிரியவில்லை. முகாம்களுக்காக அரசு மன்னிப்புக் கோரி, உயிருடனிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்க வகைசெய்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னின்று உழைத்தோருள் மினேற்றா ஒருவர்.

வேலிக்கு மறுபுறத்தில் இருப்பவனும் தன்னையொத்த சிறுவனே என்பதைக் கண்ணாற் கண்ட ஒருவர், குடிவரவுப் பிரச்சினையை வெறும் எண்ணிக்கையாக நோக்கியிருக்க மாட்டார் எனக் கருத இடமுண்டு. சனநாயகக் கட்சியினரான றொமானோ மசோலியுடன் சேர்ந்து அவர் ஆண்டுக்கணக்காக வாதாடிய மசோதா, 1986இற் சட்டமாயிற்று. சட்டவிரோதமாகக் குடியேறியோரை வேலைக்கு அமர்த்தும் முதலாளிகளுக்கு அது தண்டனை விதித்தது. அதேவேளை, ஏலவே வேரூன்றியோருக்குச் சட்டபூர்வமான வாழ்வு அளித்தது. ஏறத்தாழ 27 இலட்சம் பேர் இதனாற் பயன்பெற்றனர். தண்டனைப் பகுதி வலுவாக நடைமுறைப்படுத்தப்படாமையால் சட்டத்தின் நோக்கம் முழுமையடையவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

இளமைக் குறும்பினாலே தபாற்பெட்டிகளைச் சுட்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானவர் சிம்ஸன். பராயமடையாத வயதிற் குற்றம் இழைத்தோருக்கு விடுதலைக்கு வழியின்றி ஆயுட்சிறை விதிப்பது பற்றிய வழக்கொன்று உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, தம் இளமைக்காலத்தையே சான்றாக்கி அவர்களுக்காக வாதிட்டார். கொலையல்லாத குற்றங்களுக்கு அத்தகைய தண்டனை ஆகாதென 2010இல் நீதிமன்றம் தீர்த்தது.

எனினும், தாம் கண்டதில் நீதியோடு நின்றவர் காணாததிலே தடுமாறினார். 1991இல், நீதியரசர் பதவிக்கு நியமிக்கப்பட்ட கிளாரன்ஸ் தோமஸ் மீது அனிற்றா ஹில் பாலியற் தொல்லைக் குற்றச்சாட்டை முன்வைத்தபோது, ஆண்கள் பதினால்வர் மாத்திரம் அமர்ந்திருந்த குழுவில் சிம்ஸனின் நாவு கடுமையாயிருந்தது. அப்பெண்ணைக் குறித்து எச்சரிக்கும் கடிதங்கள் தம்மிடம் உள்ளன என்றாரேயன்றி, அவற்றின் உள்ளடக்கத்தை வெளியிடவில்லை. 1869இலேயே பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய மண்ணின் பிரதிநிதிக்கு இது அழகன்று. பெண்கள் பொதுவாழ்வில் நுழைந்தபின் எதிர்கொள்ளும் வேலி அவருடைய கண்ணுக்குப் புலப்படவில்லை போலும்.

1994ஆம் ஆண்டின் இறுதியில் கொறடாப் பதவியை 26க்கு 27 என ஒரே வாக்கினால் இழந்தார். கருக்கலைப்புத் தெரிவுரிமையை ஆதரித்த அவருக்கு, மாறிவந்த கட்சியில் இடம் சுருங்கிக்கொண்டிருந்தது. 2010இலே தேசியக் கடனைக் குறைக்கும் ஆணைக்குழுவுக்கு இணைத்தலைவரானார். வேண்டிய 14 வாக்குகளுக்குப் பதிலாக 11 மாத்திரமே கிடைத்தன. இணக்கம் தேடியவர் இருமுறை எண்களாலே தோற்றார் எனலாம்.

மினேற்றா 2022இலும், சிம்ஸன் 2025 மார்ச்சிலும் மறைந்தனர். முகாம் இருந்த இடத்தில் இருவர் பெயரையும் இணைத்து ஒரு நிறுவனம் 2024இலே திறக்கப்பட்டது. சொந்த மண்ணின் நலனைப் பேணுதல் பிரதிநிதியின் கடமை. அதற்காக எவரும் அவரைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால், தம் மண்ணிலேயே எழுந்த வேலியைத் தாண்டிச் சென்று ஒருமுறை பார்த்தமையே சிம்ஸனை உயர்த்தியது. வேறொரு வேலியைத் தாண்ட மறுத்தமையே அவரைத் தாழ்த்தியது. பழமையைப் பேணுவதும் புதுமையை வேண்டுவதும் கொள்கை வேற்றுமைகள். வேலிக்கு அப்பால் நிற்பவரின் முகத்தைக் காணும் கடமையோ இரு சாராருக்கும் பொதுவானது.