நாகம்மை தனித்து நின்ற நாட்கள்

புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. உறுவையாறு போன்ற வில்லியனூர் கொம்யூன் ஊர்களில் பெண்கள் தேர்தலில் நின்றாலே ஒரு பேச்சு எழும்: பெயர்தான் மனைவியுடையது, ஆளப்போவது கணவர். சில இடங்களில் அது உண்மையும்கூட. அதற்காக, அரசியலில் இருப்பவரின் மனைவி செய்ததையெல்லாம் கணவர் கணக்கில் எழுதிவிடுவது அநியாயம். கணவர் பக்கத்தில் இல்லாத நாட்களில் மனைவி என்ன செய்தார் என்று பார்ப்பதே நேர்மையான அளவு. பெரியாரின் மனைவி ஈரோட்டு நாகம்மையை அந்த அளவால் பார்க்கவே விரும்புகிறேன்.

1921-இல் கள்ளுக்கடை மறியலுக்காகப் பெரியார் சிறைக்குப் போனதும், நாகம்மையும் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் மறியலைக் கையில் எடுத்தார்கள். மறியலை நிறுத்துவது ஈரோட்டிலிருக்கும் அந்த இரண்டு பெண்களின் கையில்தான் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. 1924-இல் திருவிதாங்கூரின் வைக்கம் போராட்டம். அங்கே கேட்கப்பட்டது கோயிலுக்குள் நுழையும் உரிமைகூட அல்ல. ஈழவரும் புலையரும் கோயிலைச் சுற்றியுள்ள பொதுத்தெருவில் நடக்கும் உரிமை. பெரியார் சிறையில் இருக்க, நாகம்மை பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார், சத்தியாகிரகத்திலும் நின்றார். தாய்மொழி வேறான ஊர், வேறு அரசு. தமக்கு மறுக்கப்படாத ஒரு தெருவுக்காக நின்றார் என்பதை எண்ணும்போது எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. 1931 டிசம்பர் முதல் ஏறத்தாழ ஓராண்டு பெரியார் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது அவருடைய ‘குடி அரசு’ இதழைப் பதிப்பாளராக இருந்து கவனித்ததும், சுயமரியாதைத் திருமணங்களை நடத்திவைத்ததும் நாகம்மையே.

கணவர் தந்த துணிச்சல்தானே இது என்று கேட்கலாம். பக்தியில் ஊறிய பெண்ணைச் சுயமரியாதைக் கொள்கைக்கு இழுத்தவர் பெரியார் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1933 மே 11-இல் நாகம்மை இறந்தபின் ‘குடி அரசில்’ எழுதிய இரங்கலில், பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் சிறு பங்கைக்கூட நாகம்மை விஷயத்தில் தாம் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் தகுதி தமக்கில்லை என்று பெரியாரே ஒப்புக்கொண்டார். வீட்டில் தாராளமாகக் கிடைக்காத உரிமையைப் பிறருக்காகத் தெருவில் கேட்டவரின் துணிச்சலைக் கணவரின் கொடை என்று எப்படிச் சொல்வது?

கணவரின் பெயர் கதவைத் திறந்தது என்பது உண்மைதான். நம் பகுதியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சொல்தா (முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டார் அறிந்த, பிரான்சின் அதிபராக இருந்த மித்தரானின் மனைவி தனியேல், 1986-இல் மனித உரிமை அமைப்பு தொடங்கியபோதும் அப்படித்தான். ஆனால் கணவர் 1996-இல் மறைந்தபின்னும், 2011-இல் தாம் இறக்கும்வரை அவர் அந்தப் பணியை விடவில்லை.

‘குடி அரசின்’ பதிப்பாளர் என்பது வெறும் பெயர்தானே என்பவர்களுக்கு விடை, நாகம்மை மறைந்த சில மாதங்களிலேயே கிடைத்தது. 1933 அக்டோபரில் அவ்விதழில் வெளியான ஒரு தலையங்கத்துக்காக ஆசிரியர் பெரியாரோடு பதிப்பாளரையும் அரசு கைது செய்து சிறையில் அடைத்தது. நாகம்மை இருந்த அந்தப் பொறுப்பில் அப்போது இருந்தவர் கண்ணம்மாள்.