சம்பளம் யார் கையில்?

ஊமைப் படம் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கூட இருப்பவர்கள் தாராளமாகப் பேசலாம். படத்தில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது பேரன் தன் கணிப்பொறியில் "ஸ்பாரோஸ்" என்ற பழைய அமெரிக்கப் படம் ஒன்றை ஓடவிட்டான். சிட்டுக்குருவிகள் என்று பொருள். சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு கொடியவன் அநாதைக் குழந்தைகளை அடைத்து வைத்து வேலை வாங்குகிறான். அவர்களில் மூத்த பெண், சின்னஞ் சிறுசுகளையெல்லாம் முதலைகள் வாய் பிளந்து கிடக்கும் சேற்றின் மேல், மரக்கிளை மரக்கிளையாகக் கடத்திக் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறாள். அந்தப் பெண்ணாக நடித்தவர் மேரி பிக்போர்டு.

நமது தமக்கையார் எண்பது வயதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம், இந்தக் குழந்தைக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார்.

"படம் வந்தது 1926-ல். அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது, அக்கா."

தமக்கையார் நம்மை ஒரு முறை பார்த்தார். படத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு நாம் சற்றும் எதிர்பாராத கேள்வி ஒன்றைப் போட்டார். "ஏண்டா, இவள் சம்பாதித்த பணம் யார் கைக்குப் போச்சு?"

ஸினிமா நடிகையைப் பற்றி நாம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறோம். அழகு எப்படி, நடிப்பு எப்படி, எத்தனை கல்யாணம் என்றெல்லாம் விசாரித்திருக்கிறோம். இந்தக் கேள்வி மட்டும் நமக்குத் தோன்றியதில்லை. அன்று இரவு பதில் தேடப் புகுந்தோம். கிடைத்ததை மறுநாள் முதல் தவணை தவணையாகத் தமக்கையாருக்குச் சொல்லி வந்தோம்.

மேரி பிக்போர்டின் சொந்தப் பெயர் கிளாடிஸ் லூயிஸ் ஸ்மித். கனடாவில் டொராண்டோ நகரத்தில் 1892-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி பிறந்தவர். 1898-ல் தகப்பனார் இறந்து போனார். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத தாய் என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் கதைக்காக வயதைக் குறைப்பது முறையல்ல. இளம் விதவை என்று மட்டும் சொல்லுகிறோம். மூன்று குழந்தைகள். ஷார்லட் அம்மாள் தையல் வேலை செய்தார். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டார். அந்த அறைக்குக் குடி வந்தவர் நாடக மேடை நிர்வாகி ஒருவர். உம்முடைய பெண்களை மேடை ஏற்றினால் என்ன என்று அவர் கேட்டார். கூத்தாட்டம் குலப் பெண்களுக்கு அடுக்காது என்ற எண்ணம் அந்தத் தேசத்திலும் அப்போது பலமாகவே இருந்தது. ஆயினும், மானத்தைக் காட்டிலும் அடுப்பு பெரிது. 1900-ம் ஆண்டில், ஏழு வயதுக் கிளாடிஸ் டொராண்டோ மேடையில் தோன்றினாள்.

பிறகு ஆறேழு வருஷம் ரயில் பிரயாணம்தான். இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர், மூன்றாந்தர நாடகக் கம்பெனிகள், மட்டமான விடுதிகள். பள்ளிக்கூடத்துக்குப் போக நேரம் ஏது? குடும்பத்தின் பிரதான வரும்படி, பாவாடை கட்டிய அந்தக் குழந்தையின் வரும்படியே. பணம் தாயின் கைக்குப் போயிற்று.

இந்த இடத்தில் தமக்கையார், "அம்மா கைக்குத்தானே, போகட்டும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

1907-ல் நியூயார்க் பிராட்வேயில் டேவிட் பெலாஸ்கோ என்னும் பேர்பெற்ற நாடக முதலாளியிடம் வேலை கிடைத்தது. கிளாடிஸ் ஸ்மித் என்ற பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. மேரி பிக்போர்டு ஆக்கிவிட்டார். நாடகம் முடிந்ததும் மறுபடியும் வேலையில்லாத் திண்டாட்டம். 1909-ல் பயாகிராப் என்ற படக் கம்பெனியின் வாயிலில் போய் நின்றாள் பதினேழு வயதுப் பெண். நாடகக்காரர்கள் அன்று ஸினிமாவைத் தீண்டத் தகாததாக நினைத்தார்கள். டைரக்டர் கிரிபித், நாளொன்றுக்கு 5 டாலர் தருவதாகச் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் வாங்கியது அவ்வளவே. இந்தப் பெண்ணோ 10 டாலர் வேண்டும் என்றாள், பெற்றும் கொண்டாள்!

நேயர்கள் இதைச் சிறிது கவனிக்க வேண்டும். தன் முகத்துக்கு விலை உண்டு என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது கர்வத்தினால் தெரிந்ததன்று. ரொட்டியின் விலையும் அறை வாடகையும் ரயில் கட்டணமும் ஏழு வயது முதல் மனப்பாடம் ஆனவளுக்கு, நாளொன்றுக்கு எவ்வளவு இருந்தால் நான்கு பேர் பிழைக்கலாம் என்பது கணக்காகவே தெரியும். பின்னாளில் அவர் பேசிய பேரங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்கு இருந்தது என்பது நமது அபிப்பிராயம்.

அக் காலத்தில் நடிகர் பெயரைப் படத்தில் போடுவதில்லை. பெயர் தெரிந்தால் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள் என்ற முதலாளி ஞானந்தான். ஆனால் ஜனங்கள் விடுவார்களா? பொன்னிறச் சுருள் கூந்தல் பெண் என்று அடையாளம் சொல்லித் தேடிப் போனார்கள். 1913-ல் அடால்ப் ஜூகர் என்பவரின் கம்பெனியில் சேர்ந்தபோது வாரச் சம்பளம் 500 டாலர். மூன்றே வருஷத்தில், 1916-ம் வருஷ ஒப்பந்தப்படி வாரத்துக்கு 10,000 டாலர். அதற்கு மேல் படத்தின் லாபத்தில் பாதி. படம் எடுப்பதில் அதிகாரமும் அவருடையது. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. பேரம் நடக்கும்போதெல்லாம் பக்கத்தில் தாயார் உட்கார்ந்திருப்பார். ஷார்லட் அம்மாளைக் கண்டால் ஹாலிவுட் முதலாளிகளுக்குச் சிறிது உதறல் என்று சொல்லுவார்கள்.

இவ்வளவும் வந்த பிறகு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மேரிக்கு ஒரு விஷயம் கண்ணை உறுத்திற்று. அவருடைய படம் ஒன்று வேண்டும் என்று கொட்டகைக்காரர் கேட்டால், கம்பெனியின் வேறு பல படங்களையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். நல்ல மாம்பழம் ஒன்றுக்கு ஒரு கூடை வெம்பல் தலையில் கட்டும் வியாபாரம். மாம்பழத்துக்குச் சம்பளம் கொடுத்தார்கள், வாஸ்தவந்தான். ஆனால் கூடை முழுவதையும் விற்றது அந்த ஒரு பழம் அல்லவா? 1918-ல் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் ஜூகரை விட்டுப் பிரிந்தார்.

அடுத்த வருஷம், 1919 பிப்ரவரியில், மேரி பிக்போர்டு, சார்லி சாப்ளின், டக்ளஸ் பேர்பாங்க்ஸ், கிரிபித் ஆகிய நால்வரும் சேர்ந்து யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். பைத்தியங்களே பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டன என்று ஒரு படக் கம்பெனித் தலைவர் பரிகாசம் செய்தாராம். கம்பெனியின் ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொருவரும் தம் பணத்தில், தம் இஷ்டப்படி படம் எடுக்க வேண்டியது. கம்பெனி அதைக் கொட்டகைகளுக்கு விநியோகித்து, தன் பங்கைக் கழித்துக்கொண்டு, மீதியை எடுத்தவரிடமே கொடுத்துவிட வேண்டியது. ஒரு படத்தோடு இன்னொன்றைக் கட்டி விற்பது கிடையாது. படத்தில் நடித்தவரே படத்துக்கு உடையவர். உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். அமெரிக்கப் பெண்களுக்கு வோட்டுரிமை நாடு முழுவதும் கிடைக்க இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

"சபாஷ்!" என்றார் தமக்கையார். வீணை வாசிப்பில் நல்ல சங்கதி விழுந்தால்தான் இந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரும்.

1920-ல் பேர்பாங்க்ஸை அவர் மணந்ததும், பெவர்லி ஹில்ஸில் "பிக்பேர்" என்ற மாளிகையில் இருவரும் ராஜா ராணி போல் வாழ்ந்ததும் பிரசித்தம். அவற்றைப் பலர் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். நாம் தாண்டிப் போகிறோம்.

தாண்ட முடியாதது ஒன்று இருக்கிறது. கம்பெனி அவருடையது, படம் அவருடையது, லாபம் அவருடையது. வயது மட்டும் அவருடையதாக இல்லை. முப்பது வயதைக் கடந்தும் சிறுமி வேஷமே போட வேண்டியிருந்தது. ஆள் ஐந்தடி உயரம் இருப்பாரோ என்னவோ. சில படங்களில் அவரை இன்னும் சிறிதாகக் காட்டுவதற்கு நாற்காலி மேஜைகளைப் பெரிதாகச் செய்து, உயரமான நடிகர்களைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். 1921-ல் ஒரு படத்தில் பையனாகவும் அந்தப் பையனின் தாயாகவும் தாமே நடித்தார். 1925-ல் ஒரு ஸினிமாப் பத்திரிகையின் மூலம், நான் எந்த மாதிரி வேஷம் போடவேண்டும் என்று ரஸிகர்களையே கேட்டார். சிண்ட்ரெல்லா, ஹைடி முதலிய குழந்தைப் பாத்திரங்கள்தான் வேண்டும் என்று பதில் வந்து குவிந்தது. வாசகர்களைக் கேட்டு எழுதுவதில் உள்ள அபாயம் நமக்குந் தெரியும்.

"ஸ்பாரோஸ்" அந்தப் பதிலுக்குப் பிறகு வந்த படம். முதலையைக் கண்டு அந்த முகத்தில் தோன்றிய பயத்தை மறுமுறை பார்த்தபோது, முதலையைத் தவிர வேறொன்றும் அங்கே இருப்பதாக நமக்குத் தோன்றிற்று. அது நமது கற்பனையாகவும் இருக்கலாம்.

1928 மார்ச்சில் ஷார்லட் அம்மாள் காலமானார். சில மாதத்துக்குள் மேரி நியூயார்க் சென்று, உலகப் பிரசித்தி பெற்ற அந்தச் சுருள் கூந்தலைக் கத்தரித்துவிட்டார். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் அலறின. ரஸிகர்கள் இழவு விழுந்தாற்போல் துக்கப்பட்டார்கள். யாருடைய தலைமயிர் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மறு வருஷம் "கொக்வெட்" என்ற பேசும் படத்தில் வளர்ந்த பெண்ணாக நடித்து, அகாடமி பரிசும் பெற்றார். ஆனால் கூட்டம் மெல்லக் கலைந்தது. 1933-ல் வந்த "ஸீக்ரெட்ஸ்" அவருடைய கடைசிப் படம்.

நடிப்பு முடிந்தது, முதலாளி வேலை முடியவில்லை. 1930-களின் பிற்பகுதியில் தம் பெயரிலேயே முகப் பூச்சு வகைகள் செய்து விற்கும் கம்பெனி ஒன்று நடத்திப் பார்த்தார். அதைவிடப் பெரிய காரியம் வேறொன்று. யுத்த நிதி திரட்டியதில் மிஞ்சிய பணத்தை வித்தாகக் கொண்டு, 1921-ல் நலிந்த ஸினிமாத் தொழிலாளிகளுக்கான உதவி நிதி ஏற்படக் காரணமாக இருந்தார். 1932-ல் அதற்கு நிரந்தர வருமானம் வர ஒரு வழி செய்தார். ஸ்டூடியோவில் சம்பளம் வாங்குகிறவர்கள், தம் ஊதியத்தில் நூற்றுக்கு அரைப் பங்கை நிதிக்குப் பிடித்துக்கொள்ளச் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வழியில்தான் பிற்காலத்தில் முதியோர் இல்லமும் ஆஸ்பத்திரியும் எழுந்தன. நட்சத்திரத்தின் நன்கொடையை நம்பாமல் சம்பளப் பட்டியலை நம்பியது, அடுப்பைத் தெரிந்தவரின் யோசனை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கூட்டாளிகளில் மிஞ்சியவர் மேரியும் சாப்ளினும். இருவருக்கும் ஒத்துப் போகவில்லை. இருவரும் விட்டுக் கொடுக்கவும் இல்லை. கம்பெனி வாரத்துக்கு 1,00,000 டாலர் நஷ்டத்தில் ஓடும் அளவுக்கு வந்தது. 1951-ல் இரண்டு இளம் வக்கீல்களிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். அவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். 1955-ல் சாப்ளின் தம் பங்கை 11 லட்சம் டாலருக்கு விற்றார். மேரி அவசரப்படவில்லை. மறு வருஷம் 30 லட்சம் டாலருக்கு விற்றார்.

கடைசிக் காலம் சந்தோஷமானது அல்ல. மதுப் பழக்கம் பற்றிக்கொண்டது. பிக்பேர் மாளிகைக்குள்ளேயே ஒடுங்கிப் போனார். தம் பழைய படங்களைத் தாமே விலைக்கு வாங்கி வைத்திருந்தார். காப்பாற்றவா என்றால், இல்லை. தாம் இறந்ததும் கொளுத்திவிட வேண்டும் என்று எண்ணியிருந்தாராம், புதிய தலைமுறை பார்த்துச் சிரிக்கும் என்ற அச்சத்தால். நல்ல வேளையாக மனம் மாறி, 1970-ல் பயாகிராப் படங்கள் ஐம்பதை அமெரிக்கன் பிலிம் இன்ஸ்டிடியூட்டுக்குக் கொடுத்தார். 1976-ல் கௌரவ ஆஸ்கார் பரிசு வீடு தேடி வந்தது. 1979 மே 29-ல் காலமானார்.

சொல்லி முடித்ததும் தமக்கையார் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று ஞாபகம் இருக்கா உனக்கு?" என்று கேட்டார்.

நமது தமக்கையார் கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் இருபது வருஷம் வீணை சொல்லிக் கொடுத்தவர். மாதம் பிறந்தால் பிள்ளைகள் சம்பளத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து திண்ணையில் இருக்கும் தகப்பனாரிடம் கொடுப்பார்கள். தகப்பனாருக்குப் பின் நம்மிடம் கொடுத்தார்கள். நாம் வாங்கி மேஜைக்குள் போட்டுக்கொண்டோம். 1978-ல் நாம் வாங்கிய ஸ்கூட்டருக்கு முன்பணம் எங்கிருந்து வந்தது என்பதை இத்தனை காலம் யாரும் கேட்டதில்லை; நாமும் நம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

"கணக்கு நோட்டு பரணில் இருக்கும், அக்கா" என்றோம்.

"எடு, பார்க்கலாம்."

பேரன் ஏணி வைத்து ஏறினான். அரித்தது போக மூன்று நோட்டுகள் அகப்பட்டன. 1974-ம் வருஷத்து நோட்டில், தகப்பனாரின் முத்து முத்தான கையெழுத்தில், மாதா மாதம் "வரவு - வீணை" என்று இருந்தது. பால் விற்ற வரவுக்குப் பக்கத்தில் பசுவின் பெயர்கூட இருந்தது. வீணை வரவுக்குப் பக்கத்தில் பெயர் ஏதும் இல்லை.

தமக்கையார் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேனா ஒன்று கேட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கூட்டத் தொடங்கினார்.