எம்டன் என்றொரு சொல்

எங்கள் தெருவில் ஒருவரை எல்லோரும் எம்டன் என்றே அழைத்தார்கள். பின்னி ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கோலிகளைப் பொறுக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடி மறைவோம். எமன் என்பதைத்தான் பெரியவர்கள் அப்படித் திரித்துச் சொல்கிறார்கள் என்று வெகுகாலம் எண்ணியிருந்தோம். அது ஜெர்மனியில் உள்ள ஓர் ஊரின் பெயர் என்பதும், அப்பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று எங்கள் புளியந்தோப்பிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய துறைமுகத்தின்மேல் குண்டு வீசியது என்பதும் கல்லூரி நாட்களில்தான் தெரிய வந்தன.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி அளவில் அது நடந்தது. முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. போர் எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது என்ற நம்பிக்கையில் சென்னை விளக்குகளை அணைக்காமல் இருந்தது. உயர்நீதிமன்றத்தின் மேலிருந்த கலங்கரை விளக்கம் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. பகைவனுக்கும் அது வழிகாட்டியது. கப்பல் தலைவன் கார்ல் ஃபான் முல்லர் கரையை நெருங்கி, தேடுவிளக்கைப் பாய்ச்சி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுகொண்டார். அரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் அடிபட்டது. கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துக்கொண்டு பதிலுக்குச் சுட்டன. ஒன்றுகூடக் கப்பலைத் தொடவில்லை.

இறந்தவர்கள் ஐந்து பேருக்குக் குறையாது. போர்க் கணக்கில் இது மிகச் சிறிய எண். ஆனால் பயத்துக்குக் கணக்கு வேறு. கையில் காசும் வெளியூரில் உறவும் இருந்தவர்கள் ரயிலேறினார்கள். வெள்ளைக்காரனை எவரும் நெருங்க முடியாது என்ற எண்ணம் அந்த ஓரிரவில் ஆட்டங்கண்டது. தினக்கூலிக்குத் துறைமுகத்தை நம்பியிருந்தவர்கள் எங்கே போயிருப்பார்கள்? மறுநாள் காலை புகை அடங்காத வானத்தின் கீழ் வேலை உண்டா என்று பார்க்கத்தான் போயிருப்பார்கள். எங்கள் முன்னோர் அந்த வகையினர்.

எம்டன் அதன்பின் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டியது. அதில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட ஜெர்மானிய மாலுமிகள் மாண்டனர். பிழைத்தவர்கள் தங்கள் பெயரோடு எம்டன் என்பதைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் நாடு அனுமதி தந்தது. தமிழரோ யாருடைய அனுமதியும் கேட்கவில்லை. சூழ்ச்சிக்காரன், அஞ்சாதவன், அடக்கி ஆள்பவன் என எல்லோருக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். 2006இல் ஒரு படத்துக்கு 'எம்டன் மகன்' என்று பெயரிட்டு, பிறகு 'எம் மகன்' என்று மாற்றினார்கள். தமிழ்ச் சொல் அல்லவாம்! எங்கள் தெருவைக் கேட்டிருந்தால் வேறு தீர்ப்புக் கிடைத்திருக்கும்.

இந்தச் சொல்லை நாங்கள் ரசித்தே வந்திருக்கிறோம். ஆனால் இப்போது வேறொன்றும் உறுத்துகிறது. எம்டன் வந்துபோன ஏழாம் ஆண்டில், 1921இல், பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது இதே புளியந்தோப்பில் தலித் மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. கொளுத்தியவர்கள் கடல்கடந்து வந்தவர்கள் அல்லர். ஒரே ஆலைச் சங்குக்கு எழுந்தவர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள். அரை மணி நேரம் வந்துபோன அந்நியனுக்கு மொழியில் நிலையான இடம் கொடுத்தோம். நமக்குள் நாமே மூட்டிய தீக்கு ஒரு சொல்லும் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீடுகளில் அதைப்பற்றிக் கதைகூடச் சொல்லப்பட்டதில்லை. நூல்களில் படித்துத்தான் அறிந்தோம்.

உயர்நீதிமன்ற மதிலில் எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து ஒருமுறை போய்ப் பார்த்தோம். திரும்பி நடந்து புளியந்தோப்புக்குள் நுழைந்தபோது, எங்களை அறியாமல் சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தோம். அங்கே எந்தக் கல்லும் இல்லை.