ஊழியப் பயணமும் ஒரு பிடி அரிசியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த எம் யாழ்ப்பாணத்து அறிஞர் சிலரின் பெயர்களைக் கேட்கும் மாணவர்கள் இன்றும் வியப்படைவதுண்டு. கரல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என, பாதி மேனாட்டுப் பெயரும் பாதி தமிழ்ப் பெயருமாக அவை விளங்குகின்றன. இத்தகைய பெயர்களின் பின்னே ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. அமெரிக்க மிஷனின் விடுதிப் பாடசாலைகளிற் கற்ற பிள்ளையின் உணவுக்கும் உடைக்கும் கல்விக்குமாகக் கடலுக்கு அப்பால் யாரேனும் ஒருவர் பணம் அனுப்புவார். அவருடைய பெயரையோ, அவர் மதித்த பெரியார் ஒருவரின் பெயரையோ அப்பிள்ளைக்குச் சூட்டுவார்கள். உதவி கேட்பதற்கும் உதவி பெறுவதற்கும் அந்நாளில் இருந்த விலைகளில் இதுவும் ஒன்று.

அப்பணம் செல்வந்தரிடமிருந்து மட்டும் வந்ததன்று. 1810 ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் அமெரிக்க மிஷன் சங்கம் தோன்றுவதற்கு முன்னரே, வாரத்துக்கு ஒரு சதம் வீதம் சேர்க்கும் மகளிர் சங்கங்கள் அந்நாட்டில் இருந்தன. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த செப்புக் காசுகள் திரண்டே கப்பற் கூலியாயின. 1815 ஒக்டோபரிற் புறப்பட்ட மிஷனரிமார் ஐந்து மாதம் கடலில் மிதந்து 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தனர். பின்னர் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் சிதைந்து கிடந்த பழைய கோயிற் கட்டடங்களைத் திருத்திக் குடியிருந்தனர். அவர்களுள் வாரன் 1818 இலும், றிச்சட்ஸ் 1822 இலும் இறந்தனர். டானியல் பூவர் நாற்பதாண்டுக்குச் சற்றுக் குறைய உழைத்து, 1855 இல் மானிப்பாயில் வாந்திபேதிக்கு இரையானார்.

இவர்கள் சமயத்தை யான் ஏற்பவனல்லேன். சைவ குடும்பத்திற் பிறந்து சைவனாகவே வாழ்பவன். ஆயினும் இவர்கள் செய்த ஆயத்தத்தை மதியாதிருக்க இயலாது. வந்த இடத்தின் மொழியைக் கற்பதே முதல் வேலை என்று அவர்கள் கொண்டனர். வின்சிலோ 1862 இல் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியில் 67,000 க்கும் மேற்பட்ட சொற்கள் உள. அது ஒருவருடைய உழைப்பன்று. வேறொரு மிஷனைச் சேர்ந்த நைற் பாதிரியார் தொடங்கிவைத்ததும், எம் நாட்டுப் புலவர் பலர் துணைநின்று வளர்த்ததுமாகும். 1847 இல் வந்த வைத்தியர் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்து, உடற்கூற்று நூல் முதலியவற்றைத் தமிழில் ஆக்கினார். போதிக்க வந்தவர்கள் முதலில் மாணாக்கராயினர் என்பதே இவற்றால் நாம் அறிவது.

எம்மவரும் கையேந்தாதவர் அல்லர். மிஷனரிமாரின் பிரசாரத்தை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலர், 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதனை நடத்தும் பொருட்டு வீடுகள்தோறும் பிடியரிசி சேர்க்கப்பட்டது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இடுவது இல்லத்தரசியின் பங்கு. பானை நிறைந்ததும் வாங்கிச் செல்வது தொண்டரின் பங்கு. கிறித்தவ ஆலயங்களிலும் இவ்வழக்கம் இருந்தது. ஒரே குறிச்சியிலே சைவப் பெண்ணின் பானையும் கிறித்தவப் பெண்ணின் பானையும் ஒரே முறையில் நிறைந்தன. அமெரிக்கப் பெண்ணின் ஒரு சதத்துக்கும் எம் பெண்ணின் ஒரு பிடிக்கும் வேறுபாடு யாது?

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்படி செய்தது, அண்மையில் என் கைக்கு வந்த ஒரு கடிதம். என்னிடம் உயர்தரம் கற்றுச் சென்ற கிறித்தவ இளைஞர் ஒருவர் அதனைக் கொண்டுவந்தார். அவருடைய ஆலய வாலிபர் சங்கத்தார் பன்னிருவர், பாடசாலை விடுமுறையில் இரண்டு கிழமைக்கு ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு ஊழியப் பயணம் போகின்றனராம். பகலிற் பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும், மாலையில் ஜெபக் கூட்டமும் பாடலும் என்பது ஏற்பாடு. ஒருவருக்கு 35,000 ரூபா வேண்டும். அதனை ஒவ்வொருவரும் தத்தம் உறவினரிடமும் அறிந்தவரிடமும் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

“சேர், நீங்கள் சைவம் என்பது எனக்குத் தெரியும். தராவிட்டாலும் நான் குறை நினைக்கமாட்டேன். ஆனால் உங்களிடம் கேளாமற் போக மனம் வரவில்லை” என்றார் அவர்.

கடிதத்தை வைத்துவிட்டுப் போகும்படியும், ஞாயிறன்று மீண்டும் வரும்படியும் சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலை வந்த என் நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கடிதத்தைப் படித்துவிட்டு முகஞ் சுளித்தார். “எங்கள் காசைக் கொண்டே எங்கள் சமயத்தைக் கரைப்பார்கள். இதற்கும் நீர் கொடுக்கப் போகிறீரோ?” என்று கேட்டார். அவருடைய அச்சம் வீணானது என்று யான் சொல்லவில்லை. பசித்தவனுக்குச் சோற்றைக் காட்டி அவனுடைய தெய்வத்தை விலையாகக் கேட்பது அறமன்று. நல்ல கிறித்தவர்களும் அதனை அறமென்று கொள்ளார். ஆனால் என்னிடம் வந்த பிள்ளை, எதனையும் மறையாமல், ஜெபக் கூட்டத்தையும் எழுதிக்கொண்டே வந்திருந்தது. மறைத்துக் கேட்டிருந்தால் கொடுப்பது எளிதாயிருக்கும். நேர்மையாகக் கேட்டதால் அது கடினமாயிற்று. நேர்மைக்குத் தண்டனையாக இல்லையென்று சொல்வதா என்பதே என் முன் நின்ற கேள்வி.

உண்மையில் என்னை உறுத்தியது சமயமன்று. கடிதத்திலிருந்த ஒரு தொடர். மலையகத்து மக்களை “இருளில் வாழ்வோர்” என்று அது குறித்தது. யாழ்ப்பாணத்தார் நாவில் அம்மக்களைப் பற்றி வழங்கும் இழிசொல்லை நாம் அறிவோம். அச்சொல்லுக்குப் பக்தி உடை உடுத்தியது போல இத்தொடர் எனக்குப் பட்டது. ஏளனம் எந்தச் சமயத்தின் சொற்களிற் பேசினாலும் ஏளனமே.

ஞாயிறன்று இளைஞர் வந்தார். மூன்று கேள்விகள் கேட்டேன்.

“தம்பி, நீர் போகும் இடத்து மக்களைப் பற்றி என்ன அறிந்திருக்கிறீர்?” என்பது முதலாவது. தேயிலையும் லயன் வீடுகளும் அவருக்குத் தெரிந்திருந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையிலிருந்து காடு வழியே நடந்து மலையேறியதும், அவ்வழியிற் பலர் மாண்டதும் தெரியவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர் என்பதைக் கேட்டு அவர் திகைத்தார். அம்மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைப்பயணம் நிகழ்ந்தமையைச் சொன்னேன். தோட்டங்களிலே தமிழர்க்கென ஒரு கிறித்தவ மிஷன் 1854 ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது என்பதையும் கூறினேன். அங்கே கோயில்களும் உண்டு, தேவாலயங்களும் உண்டு. காமன் கூத்தும் உண்டு. விளக்கோடு போகின்றோம் என்று எண்ணுவோர், அங்கே முன்னமே எரியும் விளக்குகளை எண்ணிவிட்டுப் போவது நன்று.

“உங்களை வரச்சொல்லிக் கேட்டவர் யார்?” என்பது இரண்டாவது. அங்குள்ள போதகர் அழைத்திருந்தார். “நல்லது. அவரையும் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரையும், என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?” என்றேன். கேட்கவில்லை. நாமே நினைத்துக்கொண்டு கொடுப்பதற்கும், அவர்கள் கேட்டதைக் கொடுப்பதற்கும் வேற்றுமை மிகுதி.

“இந்த 35,000 ரூபா எவ்வெவற்றுக்குச் செலவாகிறது?” என்பது மூன்றாவது. பஸ் கூலி, உணவு, தங்குமிடம், பிள்ளைகளுக்குக் கொப்பிகள் என்று எண்ணியவர், சங்கத்தின் பெயர் பொறித்த சட்டைகள் என்றபோது சிறிது தயங்கினார். அச்சட்டைப் பணத்தில் எத்தனை கொப்பிகள் வாங்கலாம் என்பதை அவரே மனத்துள் கணக்கிட்டார்.

அடுத்த கிழமை அவர் வேறொரு கடிதத்துடன் வந்தார். “இருளில் வாழ்வோர்” என்ற தொடர் அதில் இல்லை. சட்டைகள் நீங்கியிருந்தன. தோட்டத்துப் பாடசாலை ஆசிரியருடன் தொலைபேசியிற் பேசி, மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுப்பதே பெருந்தேவை என்று அறிந்து, அதற்கேற்ப நாட்களை மாற்றியிருந்தார்கள். ஜெபக் கூட்டம் அப்படியே இருந்தது. அது அவர்கள் நம்பிக்கை. அதனை நீக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. விரும்புவோர் வரலாம், வராதோர்க்கும் பாடமும் கொப்பியும் ஒன்றுபோலவே என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

5,000 ரூபா கொடுத்தேன். திரும்பி வந்ததும் கணக்கையும், அங்கே தாம் கற்றவற்றையும் எழுதித் தரும்படி சொன்னேன். என் நண்பருக்கு இது பிடிக்கவில்லை. அவர்க்கு யான் சொன்ன விடை, சி. வை. தாமோதரம்பிள்ளையின் குடும்பக் கதையே.

சிறுப்பிட்டியிற் பிறந்த தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர். அங்கே கிங்ஸ்பரி என்னும் பெயரைத் தாங்கினார். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். பின்னர்ச் சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றித் தமிழுக்கு உயிர் கொடுத்தார். அவருடைய மகன் அழகசுந்தரமோ கிறித்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயருடன் போதகரானார். அப்போதகரே பிலிப்ஸ் என்பவருடன் சேர்ந்து, சைவ அடியார்களின் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1921 இல் வெளியிட்டார்.

கடலுக்கு அப்பாலிருந்து செமினரிக்குக் காசு அனுப்பியவர்கள், அது தொல்காப்பியப் பதிப்பிலும் தேவார மொழிபெயர்ப்பிலும் போய் விளையும் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். பெயரைச் சூட்டலாம், மனத்தைச் சூட்ட இயலாது. கொடுப்பவன் பிடியரிசிப் பானையில் இட்ட அரிசியைத் தன்னுடையதென்று பின்னர் அடையாளங் காண்பதில்லை. கேட்பவனும், தான் போகும் இடத்து மனிதரைத் தன்னுடையவர் என்று எண்ணலாகாது.

பிற ஊருக்குத் தொண்டு செய்யப் போகும் இளைஞர், எச்சமயத்தவராயினும், கைநீட்டுமுன் அவ்வூரைக் கற்றுக்கொள்வாராக. அவ்வாறு கற்றுக்கொண்டு வருவாரின் கையில் ஒரு பிடி இடுவதால் எவர் சமயமும் குறைந்துவிடாது.