கடல் கடந்து வரும் மாத்திரை

ஸ்ரீ விஜயபுரத்தை (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) ஒட்டிய பத்துபஸ்தியில் மழைக்குப் பயந்து எந்த வேலையையும் தள்ளிப்போட முடியாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் வட்டாரம் இது. தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் பேசும் குடும்பங்கள் அடுத்தடுத்து வசிக்கும் இங்கே பொதுப்பேச்சு அந்தமான் இந்தி. பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் தீரும் நேரத்தில், குடையும் துணிப்பையுமாக அவர்கள் நகரிலுள்ள இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக் கிளம்புகிறார்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கான இந்தப் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் 2003 ஏப்ரல் 1இல் தொடங்கியது. ஸ்மார்ட் கார்டைக் காட்டினால் ஓய்வூதியருக்கு மட்டுமல்ல, மனைவிக்கும், கணவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற விதவைக்கும் மருந்து இலவசம்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மருந்தாளுநரின் வேலை எளிது: சீட்டை வாங்கு, மாத்திரையை எண்ணிக் கொடு. உண்மையில், முதலில் காலாவதியாகும் அட்டை முதலில் வெளியே போக வேண்டும். ஈரக்காற்று மருந்தைக் கெடுக்காமல் பார்க்க வேண்டும். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் முதல் கவலை அதுதான். மாத்திரையின் நிறமோ கம்பெனியோ மாறிவிட்டால், உள்ளே இருப்பது அதே மருந்துதான் என்று முதியவருக்கு நம்பிக்கை வரும்வரை சொல்ல வேண்டும். சிலருக்கு இந்தியில், சிலருக்குத் தமிழில்.

கையிருப்பில் இல்லாத மருந்தை அங்கீகாரம் பெற்ற உள்ளூர்க் கடையிலிருந்து தருவிக்கத் திட்டத்தில் இடமுண்டு. சென்னையிலோ மதுரையிலோ இது பெரிய விஷயமல்ல. ஒரு கடையில் இல்லாதது அடுத்த தெருவில் கிடைக்கும். இங்கே உள்ளூர்க் கடையின் சரக்கும் 'மெயின்லேண்ட்' எனப்படும் பெருநிலத்திலிருந்துதான் வருகிறது. சென்னை ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவு, கப்பலில் இரண்டரை, மூன்று நாள் பயணம்.

பத்துபஸ்திக்காரருக்காவது நகரம் பக்கத்தில். கிரேட் நிக்கோபாரின் கதை வேறு. எல்லைத் தீவில் ஆள் நடமாட்டம் வேண்டும் என்று 1969 முதல் 300க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு அங்கே குடியேற்றியது. பஞ்சாபியர், மராட்டியரோடு தமிழரும் காட்டை வெட்டித் தென்னை நட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோரக் குடியிருப்புகளை வாரிக்கொண்டு போனது. அன்று மண்வெட்டி பிடித்தவர்களில் இன்று மிஞ்சியிருப்போர் தள்ளாத வயதினர். கேம்ப்பெல் பேயில் ஆரம்ப சிகிச்சை உண்டு. பெரிய மருத்துவத்துக்குத் தலைநகர்தான் கதி. இடையே சுமார் 540 கி.மீ. கடல். பருவமழையில் கடல் கொந்தளித்தால் கப்பல் தள்ளிப்போகும். வேளை தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரையைத் தள்ளிப்போட முடியுமா?

அதனால் தீவில் மருந்துக் கணக்கைக் காலண்டரை மட்டும் பார்த்துப் போட்டால் போதாது. முப்பது நாள் மருந்தோடு, கப்பல் தாமதிக்கும் நாட்களுக்கும் சேர்த்துக் கையிருப்பு வைத்தாக வேண்டும். எல்லையைக் காக்கப் போனவர்கள் முதுமையில் கேட்பது அந்தச் சில நாள் மாத்திரையைத்தான்.